செயின் வண்டிக்கு வயது பார்ப்பது

கல்லடிப்பட்டியில் டாஃபே டிராக்டர் தொழிற்சாலை இருப்பதாலோ என்னவோ, மதுரைப் பக்கம் டிராக்டர் என்றால் ரப்பர் டயர்தான் கண்முன் வரும். மேடுதட்டிய புன்செயை நிரவ வேளாண்மைப் பொறியியல் துறையில் மணி வாடகைக்குப் புல்டோசர் எடுத்தவர்களுக்குத்தான் செயின் வண்டியின் அருமை தெரியும். அதன் வயதைக் கணிப்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மரபு உண்டு.

பெயிண்டை நம்பக் கூடாது. கேட்டர்பில்லர் 1931 இறுதியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்குப் போனது; பிறகு ஊரே மஞ்சள். செயினும் சாட்சி சொல்லாது. செம்மண் சரளையில் ஓடிய வண்டிக்கு ரோலரும் ஸ்பிராக்கெட்டும் எத்தனை முறை மாறியதோ!

கேட்டர்பில்லர்காரர்கள் படிக்கும் பாடம் எண்தான். வரிசை எண்ணின் முன்னொட்டே மாடல், அகலம், காலம் மூன்றையும் சொல்லிவிடும். டி2 வண்டியில் 3ஜே என்றால் இரண்டு செயின்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 40 அங்குலம். 5ஜே என்றால் 50. இரண்டும் 1938 முதல் 1947 வரை. அதன் பின் 1957 வரை 4யு, 5யு. எண் தேய்ந்திருந்தால் சிலிண்டரை அளக்கலாம்: ஜே வரிசைக்கு 3¾ அங்குலம், யு வரிசைக்கு 4. இவ்வளவு ஒழுங்கு வேறு எந்த மரபிலும் கிடையாது என்பது என் கட்சி.

இன்டர்நேஷனல் டிடி வரிசைக்கு எண்ணே வேண்டாம். ஒரே எஞ்சினில் ஒரு பக்கம் பிளக்கும் கார்புரேட்டரும், மறுபக்கம் டீசல் பம்பும் இருக்கும். பெட்ரோலில் கிளப்பி டீசலுக்கு மாற்றுவார்கள். 1940களின் அல்லிஸ்-சால்மர்ஸ் எச்டி வண்டிகளைக் காதாலேயே சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸின் இரு வீச்சு எஞ்சின் அலறும் அலறல் அப்படி.

ரஷ்ய வண்டியில்தான் ஏமாறுவோம். செல்யாபின்ஸ்கில் 1933இல் வந்த எஸ்-60, கேட்டர்பில்லர் சிக்ஸ்டியின் நகல். முகஜாடை மட்டும் பார்த்தால் அமெரிக்க வண்டி என்றே சொல்லத் தோன்றும்.

நம் நாட்டில் 1949இல் உலக வங்கி தந்த 1 கோடி டாலர் கடன் வேளாண் இயந்திரங்களுக்கானது. களைக்காடுகளைத் திருத்த கனரக டிராக்டர்கள் அதில் வந்தன. 1964இல் பெமல் நிறுவனம் உருவாகி, ஜப்பானியக் கோமாட்சு மரபு இங்கே வேரூன்றியது. டி80ஏ-12 என்பதில் கடைசி 12தான் தலைமுறை எண்; அதை விட்டுவிட்டு டி80 என்று மட்டும் சொன்னால் வயது பிடிபடாது.

எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கியர் பெட்டி இன்னொன்றிலிருந்தும் வந்து சேர்ந்த கலவைகளில்தான் சண்டை. எஞ்சின் எண்ணே பிறப்புச் சான்று என்பார் சிலர். எஞ்சினைக் கழற்றி மாட்டுவது எளிது, கியர் பெட்டி இருக்கும் பின்கூட்டை மாற்றுவது அரிது. ஆகவே நான் பின்கூட்டில் உள்ள எண்ணையே ஏற்பேன்.