மாறனுக்கு எந்த டிக்கெட்?

ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் தன்வரலாறு ‘சிம்ப்ளி ஃப்ளை’. அதை ஒரு நாவலைப் போல உரிமையோடு மாற்றி எடுத்த படம் சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ (2020). கர்நாடகத்து கொரூர்க்காரர் சோழவந்தான் நெடுமாறன் (சூர்யா) ஆகிறார்; தரைப்படை கேப்டன் விமானப்படைக்காரர் ஆகிறார். இதில் எனக்குக் குறையில்லை. காதல் பகுதிக்கு அந்த உரிமை நன்றாகவே உதவியிருக்கிறது. பேக்கரி நடத்தும் பொம்மியிடம் (அபர்ணா பாலமுரளி) வருமானமில்லாத புருஷன் தயங்கித் தயங்கிக் காசு கேட்கிறானே, நம் நாயகர்கள் அவ்வளவு இறங்கி வருவது அபூர்வம்.

படம் அமேசான் பிரைமில் நேரே வந்ததால் எங்கள் திருவிடைமருதூரில் பலரும் கொரோனா காலத்தில் செல்போனில்தான் பார்த்தோம். அப்பா சாகக் கிடக்கும் கட்டத்தில் மாறனிடம் டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. விமான நிலையத்தில் கண்டவர்களிடமெல்லாம் கையேந்துகிறான். வீடு சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட, தாயான ஊர்வசி அவனை அடித்து அழுகிறார். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை திருச்சியில் இறங்கிக் கார் பிடித்து வரும்வரை, உடலை ஐஸ் பெட்டியில் கிடத்திக் காத்திருக்கும் தெருக்கள் எங்களுடையவை. யாரும் போனை நிறுத்தவில்லை.

படம் சறுக்குவதும் இங்கேதான். மாறன் கண்ட வழி மலிவு விமானம், ஒரு ரூபாய் டிக்கெட். மொத்தத்தில் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனால் அந்த வியாபாரமே முன்கூட்டிப் பதிவு செய்பவருக்குக் குறைத்தும், கடைசி நேரத்தில் ஓடிவருபவரிடம் ஏற்றியும் விற்பதில்தான் நடக்கிறது. ஏர் டெக்கானின் ஒரு ரூபாய் இருக்கைகளும் விமானத்துக்குச் சிலவே. சாவுக்கு ஓடுகிறவன் முன்பதிவு எங்கே செய்வான்? மாறனின் விமானத்திலேயே அன்றைய மாறனுக்கு டிக்கெட் எட்டாது. படம் இதை யோசிக்கவே இல்லை. பழி மொத்தத்தையும் பரேஷ் ராவலின் வில்லன் தலையில் கட்டிவிடுகிறது.

முடிவிலும் இதே சமாளிப்பு. படத்தில் மல்லையாவின் சாயலில் வரும் தொழிலதிபர் பாலையா கூட்டு சேரக் கூப்பிட, மாறன் மறுத்துவிடுகிறான். நிஜத்தில் நஷ்டத்தில் தவித்த ஏர் டெக்கானின் பங்குகள் 2007இல் விஜய் மல்லையாவின் கைக்குப் போயின; பிறகு பெயரும் கிங்ஃபிஷர் ரெட் என்று மாறியது; 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. கம்பெனியை விற்றுவிட்டு நிற்கும் காட்சியை எழுதியிருந்தால் அந்த மாறனாகவும் சூர்யா நடித்திருப்பார். தேசிய விருது வாங்கிய நடிப்பு அவருடையது. 2024இல் அக்‌ஷய் குமாரை வைத்து ‘சர்ஃபிரா’ என்று இந்தியில் எடுத்தபோதும் சுதா அந்தக் காட்சியை எழுதவில்லை.