கிண்ணமும் பையும்: வாஸ்கோ, விஷ்ரம் மக்களின் புழங்குபொருள்கள்

ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் ஒரு கலத்தின் பெயராக அமைதல் அரிது. வட அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரையைத் தாயகமாகக் கொண்ட வாஸ்கோ மக்களின் பெயர் அத்தகையது. அவர்தம் மொழியில் அது கொம்பாற் செய்த சிறு கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. முதன்மை ஊரையடுத்துக் கிண்ணம்போற் குழிந்த பாறையொன்று இருந்தமையே காரணம் என்பர். ஆற்றின் தென்கரை வாஸ்கோ மக்களுக்கும், வடகரை விஷ்ரம் மக்களுக்கும் உரியதாயிருந்தது. இருவர்க்கும் பொதுவான மொழி, சினூக் மொழிக் குடும்பத்தைச் சார்ந்த கிக்ஷ்ட் என்பதாகும்.

இம்மக்களின் பொருள்களை ஆராய்ந்தோர் பலர் அவற்றைக் கலைப்பொருள் என்றும் கருவி என்றும் இருகூறாக்குவர். உருவம் பொறித்தன முன்னதன்பாற்படும், பொறிக்காதன பின்னதன்பாற்படும். இப்பாகுபாடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

முதற்கண், கிழங்கு சேர்க்கும் உருளைவடிவப் பையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தார் ‘இந்தியச் சணல்’ என வழங்கும் செடியின் நாரைத் திரித்து இது முடையப்பெறுவது. விலாவெலும்பு தோன்ற நிற்கும் மனித உருவம், முகம், மான், மீன் முதலியன இதன் புறத்தே காணப்படும். இவற்றைப் பையின்மேல் இட்ட அணி எனக் கொள்வது பிழையாகும். வெண்ணிற இழையும் கருநிற இழையும் இணைந்து செல்கையில், அரைச்சுற்றுச் சுற்றினால் புறத்தே நிறம் மாறும்; முழுச்சுற்றுச் சுற்றினால் மாறாது நிற்கும். இச்சுற்றின் கணக்கே உருவத்தைத் தோற்றுவிக்கின்றது. எனவே, உருவத்தை நீக்கிப் பையை மட்டும் எஞ்சவைத்தல் இயலாது. புறத்தே கருமையாய்த் தோன்றும் உருவம் அகத்தே வெண்மையாய் நிற்கும் என்பதும் கருதத்தக்கது. கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திய பையில் இவ்வகப்பக்கத்தைக் காண்பார் இலர். கிழங்கை அள்ளிய கை அதனை நாள்தோறும் அறிந்திருந்தது.

இனி, உருவம் பொறிக்காத கூடையை நோக்குவோம். 1805-ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வாற்றின்வழிச் சென்ற வில்லியம் கிளார்க், உலர்த்தி இடித்த சால்மன் மீனை இம்மக்கள் சேமித்த முறையைக் குறித்துள்ளார். புல்லாலும் கோரையாலும் முடைந்து, உள்ளே மீன்தோல் விரித்த கூடையில் மீன்பொடியை இறுக அழுத்தி மூடுவர். ஒரு கூடை 90 முதல் 100 பவுண்டு எடை கொள்ளும். பன்னிரண்டு கூடை ஓர் அடுக்காகும். அம்மீன் பல ஆண்டு கெடாது. அவ்வாற்றங்கரை பெருஞ்சந்தையாய் விளங்கியது இக்கூடையால் அன்றோ? எனினும், காட்சிச்சாலை விரும்பித் தேடியது உருவம் பொறித்த பையையே. ஆதலின், எஞ்சியுள்ள பொருள்களை மட்டும் கொண்டு இம்மக்களின் வாழ்வை அளப்பது, சேகரித்தோர் விருப்பத்தை அளப்பதாகவே முடியும்.

நூல்களிலும் இப்பிரிவு உண்டு. எட்வர்டு சபீர் 1905-இல் லூயிஸ் சிம்சன் என்பார் வாய்மொழியாகக் கேட்ட கதைகள் 1909-இல் வெளிவந்தன. வாழ்க்கைமுறை பற்றிய நூல், லெஸ்லி ஸ்பியரும் சபீரும் இயற்றியது, 1930-இல் வெளிவந்தது. முன்னதில், ஊராராற் கைவிடப்பட்ட சிறுவனொருவன், பாட்டிமார் மறைத்துவைத்துச் சென்ற நெருப்பால் உயிர்பிழைத்து மீன்பிடித்து வாழ்கின்றான். ஈண்டு நெருப்பு என்பது அடுப்புப் பொருளன்று, அன்பின் வடிவாகும். இத்தகைய பயன் கருவிப் பட்டியலில் விளங்காது. இரு நூலையும் ஒருங்கு வைத்துக் கற்பார்க்கே அது புலனாகும். இதனை அவ்வறிஞர்தம் குறையாக நாம் கூறவில்லை. அவர் தொகுத்திராவிடின் இவ்வாய்வுக்கே இடமில்லை.

1957-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், டாலசு அணையின் நீர் செலைலோ அருவியை மூழ்கடித்தது. தொன்றுதொட்டு மீன்பிடித்த துறைகளும் உடன் மறைந்தன. 2012-இல், கிக்ஷ்ட் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாய்ப் பேசிய இறுதி மூதாட்டியும் மறைந்தார். ஆயினும், முடைதல் மறையவில்லை. வாஸ்கோ மரபினரான பேட் கோர்ட்னி கோல்டு முழுச்சுற்று முடைதலைக் கற்று மீட்டுப் பிறர்க்கும் பயிற்றினார். 2007-இல் அமெரிக்க நாட்டின் மரபுக்கலை விருது பெற்றார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபடி காட்சிச்சாலையில் உள்ள, லூயிஸ்–கிளார்க் பயணத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பெறும் பழைய பையையும் அவர் ஆராய்ந்தார். முடையத் தெரிந்த கண்ணுக்கு அப்பை பாடநூலாயிற்று.

தமிழில் ‘பொருள்’ என்னும் ஒரு சொல்லே புழங்கும் பண்டத்தையும் சொல்லின் கருத்தையும் உணர்த்தும். வாஸ்கோ, விஷ்ரம் மக்களின் கைவினையை ஆராய்வார்க்கு இவ்விரண்டும் வேறல்ல. பண்டத்தைப் பேழையிலும், சொல்லை ஏட்டிலும் தனித்தனியே காத்துவிட்டுக் கடமை முடிந்தது என அமைதல் தகாது. செய்முறை, பயன், பெயர், கதை ஆகிய நான்கையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயின் பையும் கிண்ணமும் பேசும். இன்றேல், நாம் படிப்பது பெயர்ச்சீட்டையே ஆகும்.