தாழ்ந்த குரலில் ஒரு வீடு

பிருந்தா–முக்தா சகோதரிகளின் பழைய பதிவொன்றை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்க வேண்டும். க்ஷேத்ரய்யா பதம், விளம்ப காலம். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் ராகம் சற்று நின்று, திரும்பிப் பார்த்து, ஒரு கமகத்தில் லேசாகச் சாய்ந்துவிட்டு வருகிறது. இரண்டு குரல்களும் ஒரே வளைவில் சேர்ந்தே வளைகின்றன. எது அக்கா, எது தங்கை என்று பல இடங்களில் காதுக்குப் பிடிபடுவதில்லை. அவசரம் என்பதே கிடையாது. அந்தப் பொறுமை பாட்டி வீணை தனம்மாள் வீட்டுச் சொத்து. ஜார்ஜ் டவுனில், வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்கும்போது சின்னச் சத்தமும் கூடாது. விரல் தந்தியைத் தொடுவது கேட்க வேண்டும். கூடவே முணுமுணுப்பாய் இழையும் அவர் பாட்டும்.

அதே இசை இன்னொரு பேத்தி பாலசரஸ்வதியின் உடம்புக்குள் போய் அபிநயமானது. தாய் ஜெயம்மாள் பாட, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்; ஒவ்வொரு முறையும் கண்ணில் வேறொரு மனசு. தம்பிகளில் ரங்கநாதனுக்கு மிருதங்கம், விஸ்வநாதனுக்குப் புல்லாங்குழல். விஸ்வநாதன் குழலில் எனக்கு மிகப் பிடித்தது அந்த மூச்சு. ஊதுவதாகவே தோன்றாது. உதட்டருகே ஒருவர் பாட்டை மெல்ல உச்சரிப்பது போலிருக்கும். சாகித்யம் தெரிந்திருந்தால் கூடவே வாய் முணுமுணுக்கும்.