பழைமையைப் போலச் செய்தல்: சீன அரண்மனைப் பீங்கான் சாடிகள் பற்றிய ஒரு நோக்கு

சீன அரண்மனைப் பீங்கான்களை ஆராயும் விமரிசகர் பலர் இரு முடிவுகளுள் ஒன்றையே வந்தடைவர். ஒரு சாரார் அவற்றைக் காலங்கடந்த அழகின் வடிவங்கள் எனப் போற்றுவர். மறு சாரார் மன்னரின் ஆடம்பரப் பொருள்கள் என ஒதுக்குவர். இரண்டுமே வரலாற்றினின்றும் விலகிய முடிவுகள். சிங் வமிசத்துப் பேரரசர் யொங்செங் காலத்தில் (1723-1735), சொங் வமிசத்துக் குவான் பாண்டங்களைப் பின்பற்றிச் செய்யப்பட்ட சாடிகள் இதனை உணர்த்த வல்லன.

குவான் பாண்டங்கள் தாமும் பழைமை நாடியவையே. 1127இல் வட சீனத்தை இழந்து தெற்கே ஒதுங்கிய சொங் அரசவை, ஹாங்சோவில் அமைத்த சூளைகளில், புராதன வெண்கல, பச்சைக்கல் சடங்குக் கலங்களின் வடிவங்களை மண்ணில் வனைவித்தது. இழந்த நிலத்துக்கு ஈடாக மரபுரிமையை நிலைநாட்டும் தேவை அதற்கிருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1644இல் பெய்சிங்கைக் கைப்பற்றிய மஞ்சு ஆட்சியாளருக்கும் அத்தகையதொரு தேவை எழுந்தது. அந்நியராய் வந்தோர் சீனப் பண்பாட்டின் வாரிசுகளாகத் தோன்ற வேண்டியிருந்தது. ஆகவே, சாடியின் பழைமை வெறும் சுவை சார்ந்ததன்று, அரசியல் சார்ந்ததுமாகும்.

எனினும் அரசியல் தேவை மாத்திரம் சாடியை வனைந்துவிடாது. குவான் பாண்டத்தின் சாம்பல் நீல மெருகில் ஓடும் வெடிப்புக் கோடுகள், சூளையிலிருந்து ஆறும்போது மெருகும் மண்ணும் வெவ்வேறளவிற் சுருங்குவதால் உண்டாவன. அதன் மண்ணோ இரும்புச் சத்து மிக்கது, கரியது. சிங்தெசென் நகரின் மண் வெண்மையானது. எனவே அங்குள்ள தொழிலாளர் வெடிப்பைத் திட்டமிட்டு வரவழைத்தனர். அடிவிளிம்பில் கரும்பழுப்புச் சாந்து பூசிப் பழைய கரிய மண்ணின் தோற்றத்தை அளித்தனர். தற்செயலான விளைவு திட்டமிட்ட நுட்பமாயிற்று. அடியிலே நீல எழுத்துகளில் யொங்செங்கின் ஆட்சிப் பெயரே பொறிக்கப்பட்டது. எனவே, அரண்மனைக்கென வனையப்பட்ட இவற்றைப் போலிகள் என்றல் பொருந்தாது.

இந்நுட்பத்தின் சமூக அடிப்படை யாது? 1728இல் சிங்தெசென் சூளைகளின் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட தாங் யிங் என்னும் அதிகாரி, தொழிலறிவு இல்லாத நிலையில், மூன்று ஆண்டுகள் தொழிலாளருடன் உண்டு உறைந்து கற்றதாகத் தாமே எழுதியுள்ளார். 1735இல் அவர் தொகுத்த பட்டியல் 50க்கு மேற்பட்ட வகைகளைக் குறிப்பிடுகின்றது. அவற்றுட் சில, அரண்மனையிலிருந்து மாதிரியாக அனுப்பப்பட்ட சொங் பாண்டங்களைப் பின்பற்றியவை. 1743இல் அவர் 20 ஓவியங்களுக்கு எழுதிய விளக்கங்களில், நீலச் சித்திரப் பாண்டங்களுக்குக் கோடு வரைபவர் வண்ணந் தீட்டக் கற்பதில்லை, தீட்டுபவர் வரையக் கற்பதில்லை என்கிறார். அடம் ஸ்மித் 1776இல் ஊசித் தொழிலைக் கொண்டு வேலைப்பிரிவினையை விளக்குவதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் முந்திய கூற்று இது. 1637இல் வெளிவந்த சொங் யிங்சிங்கின் தொழில்நுட்ப நூலும் ஒரு கலம் 72 கைகளைக் கடந்தே முழுமை பெறுகின்றது எனக் கூறியிருந்தது.

அந்தக் கைகளுக்குப் பெயர்கள் இல்லை. மிங் வமிச இறுதிக் காலத்தில், அரசவை கேட்ட பெருந்தாழிகள் சூளையில் மீண்டும் மீண்டும் பழுதுபட, சக தொழிலாளர் பட்ட துன்பம் பொறாது சூளைத்தீயிற் பாய்ந்தவன் எனச் சிங்தெசென் மரபு கூறும் துங் பின், பின்னர் சூளைத் தெய்வமாக வணங்கப்பட்டான். தாங் யிங்கே அவனைப் பற்றி எழுதியுள்ளார். உழைப்பாளியின் பெயர் கலத்தின் அடியில் இடம்பெறவில்லை, கோயிலில் இடம்பெற்றது.

இச்சாடியின் அழகை மறுப்பது விமரிசனத்தின் பணியன்று. அழகை ஆக்கியோரிடம் அதனை மீட்டளிப்பதே பணி. ஆட்சியாளர் பழைமையைக் கேட்டனர். தொழிலாளர் அதைக் கொடுக்க முனைந்து புதிய நுட்பத்தைக் கண்டனர். மரபு என்பது உடைமையாளரின் கட்டளையால் மாத்திரமன்றி, உழைப்பாளரின் கைத்திறனாலும் வாழ்கின்றது என்பதே இச்சாடிகள் தரும் பாடம் எனலாம்.