சண்டேச அனுக்கிரக மூர்த்தி: உமையும் உடனிருக்கும் சிற்பம்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த சிவன் கோயிலின் வடக்கு வாயில் படியருகே உள்ளது சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமர்ந்த சிவன் முன்னிரு கைகளால் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பிப் பணிந்திருக்கிறார். சிவனருகே உமை அமர்ந்திருக்கிறாள்.

இச்சிற்பத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றனர்: மாலை சூடுபவர் இராசேந்திரனா? கங்கைவரை படை செலுத்தி வென்ற மன்னனுக்கு இறைவனே முடிசூட்டுவதாகக் கொள்வது கவர்ச்சியான விளக்கம். ஆனால் அதை உறுதிப்படுத்தும் கல்வெட்டு எதுவும் சிற்பத்தோடு இல்லை. சிற்பம் இருக்கும் இடத்துக்கோ வேறு எளிய காரணம் உண்டு. சண்டேசுவரர் சன்னதி வடபுறத்தில் அருகிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் கோயில் நிலங்களும் பொருள்களும் சண்டேசுவரர் பெயரிலேயே கைமாறின. கோயில் நிருவாகத்தின் முதல் தொண்டர் அவர். அரச குறிப்பு அறவே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அதையே முழுப் பொருளாக்குவதுதான் பிழை. அவ்வாறு படிக்கும்போது உமை வெறும் துணை உருவமாகிவிடுகிறாள்.

சிற்பத்தைச் சுற்றியுள்ள சிறு புடைப்புகள் கதையைச் சொல்கின்றன. மாடு மேய்த்த சிறுவன் விசாரசருமர் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டுகிறார். தந்தை எச்சதத்தன் பாற்குடத்தைக் காலால் இடற, மகன் அவர் காலை வெட்டுகிறார். சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடியது அடுத்த நூற்றாண்டில். தேவாரத்திலேயே கதை உண்டு என்பதால் சிற்பி அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தந்தையை வீழ்த்திய பிள்ளைக்கு இனித் தந்தை தாமே என்று இறைவன் ஏற்றுக்கொள்வதே கதையின் முடிவு. தந்தை அவரென்றால் தாய் யார்? விடை சிற்பத்திலேயே அமர்ந்திருக்கிறது.

பல்லவர் காலச் சோமாஸ்கந்தப் புடைப்புகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் சிவனுக்கும் உமைக்கும் இடையே குழந்தை கந்தன் இருக்கிறான். உமாமகேசுவர வடிவங்களிலோ சிவனின் கை தேவியை அணைத்திருக்கும். இங்கு அந்தக் கை தேவியை விட்டு அடியவன் தலைக்கு வந்துவிட்டது. இருந்தும் இணை பிரியவில்லை. கந்தன் இருந்த பிள்ளையிடத்தை ஓர் இடைச்சிறுவனின் வேலை செய்த அந்தணப் பிள்ளை பெறுகிறான்.

கருங்கல்லில் மாலையின் நெகிழ்வைக் காட்டிய திறனைப் புகழாதவர் இல்லை. அந்த மாலையிலேயே பார்வை நின்றுவிடுவதால்தான் சில புகைப்படங்கள் சிவனையும் சண்டேசரையும் மட்டும் நெருக்கி எடுத்து, உமையைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகின்றன.