மன்னிப்பின் மறுகரை: புதுமைப்பித்தனின் அகலிகை

தமிழ் ஆய்வுகளில் 'உணர்வுசார் நுண்ணறிவு' என்னும் கருத்தாக்கம் பெரும்பாலும் பட்டியலாகவே கையாளப்படுகிறது. சலோவே, மேயர் ஆகியோர் 1990-இல் வரையறுத்து, கோல்மன் 1995-இல் பரவலாக்கிய கூறுகளுக்கு நேராக இலக்கியச் சான்றுகள் அடுக்கப்படுகின்றன. இவ்வணுகுமுறையில் மன்னித்தவனின் பெருமை மட்டுமே புலப்படும். மன்னிக்கப்பட்டவளின் மனநிலை ஆராயப்படுவதில்லை. புதுமைப்பித்தனின் இரு சிறுகதைகள் இக்குறையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1934-இல் வெளிவந்த 'அகல்யை'யில் கோதமன் சபிப்பதில்லை, மன்னிக்கிறான். கதை அங்கே முடிகிறது. 1943-இல் வெளிவந்த 'சாப விமோசனம்' ஏறத்தாழ அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். இராமனின் வருகையால் சாபம் நீங்குகிறது, கோதமனும் ஏற்றுக்கொள்கிறான். ஆயினும் அகலிகை நலம் பெறவில்லை. எதிர்ப்படும் ஆடவரெல்லாம் அவளுக்கு இந்திரனாகத் தோன்றுகின்றனர். பிறர் இயல்பாகக் கூறும் சொல்லிலும் உட்பொருள் ஒளிந்திருக்குமோ என அஞ்சுகிறாள். இதற்கு உளவியலிலிருந்து ஒரு நோய்ப்பெயரை எடுத்துச் சூட்டுவது எளிது. ஆனால் பெயர் சூட்டல் திறனாய்வு ஆகாது.

மன்னிக்க முடிவெடுப்பதும், உணர்வளவில் மன்னிப்பு நிகழ்வதும் வேறு வேறு என்பது உளவியலாளர் வொர்திங்டனின் கருத்து. அவர் மன்னிப்பவரையே கருத்திற்கொண்டு இதைக் கூறினார். புதுமைப்பித்தனோ இவ்வேறுபாட்டை மன்னிக்கப்பட்டவளின் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கோதமனின் அன்பு பொய்யன்று. எனினும் அது அவளுடைய தன்மன்னிப்பாக மாறவில்லை. தன்னைக் குற்றமற்றவளென ஏற்ற இராமனின் தீர்ப்பே அவளுக்கிருந்த ஒரே பற்றுக்கோடு.

சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்கும்போது அப்பற்றுக்கோடு முறிகிறது. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறொரு நீதி எனில், தனக்குக் கிடைத்த மன்னிப்பின் மதிப்பு என்ன என்பதே அகலிகையின் கேள்வி. உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா எனச் சீதை கூறும் விடை அவளை ஆற்றுவதில்லை. இக்காட்சியை இராமன் மீதான கண்டனமாக மட்டும் வாசிப்பது போதாது. மன்னித்தவர் மீதுள்ள நம்பிக்கை தகர்ந்தால் மன்னிக்கப்பட்டவரின் மனநலமும் உடன் தகரும் என்பதே இதில் முதன்மையானது. அதன்பின் கோதமன் அணைக்கும்போது, இந்திரன்தான் கணவனின் உருவில் மீண்டும் வந்திருப்பதாக அவளுக்குப் படுகிறது. முதன்முறை அவளைக் கல்லாக்கியது சாபம். இம்முறை எவரும் சபிக்கவில்லை.