ஹேலியின் வீடும் எங்கட வளவும்

ஜே ஹேலி 1973இல் வெளியிட்ட ‘அன்கொமன் தெரபி’ என்ற நூலைப் பற்றி எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு நாளாகிவிட்டது. நூலில் வரும் ஒரு வீடு கட்டுகிற கதையில் நான் சிக்கிக்கொண்டதுதான் தாமதத்துக்குக் காரணம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எழுதியவர் ஹேலி என்றாலும் நூலின் நாயகர் மில்டன் எரிக்சன். 1901இல் பிறந்தவர், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். பதினேழு வயதில் இளம்பிள்ளைவாதம் அவரைப் படுக்கையில் போட்டது. அசைய முடியாமல் கிடந்த அந்த மாதங்களில் வீட்டாரின் பேச்சையும் முகத்தையும் உற்றுப் பார்த்தே மனிதரைப் படிக்கக் கற்றதாகப் பின்னாளில் சொல்வாராம். மனநல மருத்துவராகி, 1948இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 1980இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஹேலியோ கிறகரி பேட்சனின் ஆய்வுக் குழுவில் வேலை செய்தவர். 1950களில் பீனிக்ஸுக்குப் போய் எரிக்சனிடம் மணிக்கணக்காகக் கேட்டறிந்தார். அந்த உரையாடல்களிலிருந்து விளைந்ததுதான் இந்த நூல்.

ஹிப்னோடிசம் என்றதும் நம்மவர்களுக்கு மேடையில் கடிகாரத்தை ஆட்டி ஆளை உறங்கவைக்கும் வித்தை ஞாபகம் வரும். சிலருக்குச் சூனியமும் வரும். எரிக்சனின் அறிதுயில் பெரும்பாலும் வெறும் பேச்சு. நூலின் கடைசிப் பகுதியில் ஜோ என்ற பூ வியாபாரி வருகிறார். புற்றுநோயின் இறுதிக் கட்டம். மருந்துகள் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது, எழுதித்தான் காட்டுவார். அறிதுயில் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பிடிக்காது. எரிக்சன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளிச் செடியைப் பற்றிப் பேசுகிறார். விதை, மண், மழை, முளை. பேச்சின் இடையிடையே ஆறுதல், அமைதி, நிம்மதி என்ற சொற்களைக் குரலைச் சற்றே மாற்றி ஊன்றிவிட்டுப் போகிறார். ஜோவின் வலி தணிகிறது. பண்ணையில் வளர்ந்த ஒருவர் பூ வளர்த்த ஒருவரிடம் பேசினார், அவ்வளவுதான் என்றும் இதைச் சொல்லலாம். நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஆனால் வேண்டாம் என்றவருக்கு, வேண்டாம் என்றதையே வேறு பெயரில் கொடுப்பது சரியா? ஹேலிக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது. ஒரு மனிதர் தன்னை நம்பி நம் முன்னால் கிடக்கிறார் என்பது அமானிதம். ஜோவின் வலி குறைந்ததால் மட்டும் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சம்பவங்கள் அநேகமாக எரிக்சன் தன் வாயால் சொன்னவை. முன்பல் இடைவெளியால் தான் அவலட்சணம் என்று நம்பிச் சாகத் துணிந்த ஒரு பெண்ணிடம், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பீச்சப் பழகி, அலுவலகத்தில் தன்னைச் சுற்றி வரும் வாலிபர்மேல் பீச்சச் சொல்கிறார். அது கலியாணத்தில் முடிகிறது. கதை ருசியாக இருக்கிறது. ஆனால் வைத்தியரே கதைசொல்லி என்றால் நோயாளி எப்போதும் சொன்னபடிதான் குணமாவார்.

இவற்றையெல்லாம் மீறி நூல் நிற்பது ஹேலியின் ஒரு எண்ணத்தால். காதல், மணம், பிள்ளைப்பேறு, நடுவயதின் பிணக்குகள், பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் விடுபடுவது, முதுமை என்று குடும்ப வாழ்வை அவர் கட்டம் கட்டமாக அடுக்குகிறார். ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குக் கடக்க முடியாமல் குடும்பம் திணறும்போதுதான் யாரோ ஒருவரின் உடம்பில் நோய்க்குறி எழும்புகிறது என்கிறார். வைத்தியரின் வேலை பழசைக் கிண்டுவதல்ல, அந்தக் கடவையைத் தாண்டவைப்பது. பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றுவலியை நான் வேறு மாதிரிப் பார்த்திருப்பேன்.

இனி அந்த வீடு. ஒரு மகளைக் கைக்குள் பொத்திவைத்த பெற்றோர், அவள் மணமுடித்ததும் தங்களோடேயே இருக்கவேண்டுமென்று வீட்டோடு ஒரு பகுதியை ஒட்டிக் கட்டுகிறார்கள். மகளுக்கு விருப்பமில்லை. எரிக்சன் பெற்றோரைக் கூப்பிட்டுத் திட்டவில்லை, பாராட்டுகிறார். இரவில் பேரப்பிள்ளை அழுவதைக் கேட்கவும், தவழும் பிள்ளை எந்நேரமும் உள்ளே வருவதைத் தாங்கவும் எத்தனை பேர் தயாராக இருப்பார்கள் என்று வியக்கிறார். பாராட்டைக் கேட்கக் கேட்க அவர்களுக்கு வியர்க்கிறது. கடைசியில் அந்தப் பகுதியை வாடகைக்கு விட்டு, வரும் காசைப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிக்க முடிவெடுக்கிறார்கள்.

அமெரிக்க வாசகர் இதில் சிரித்திருப்பார். அக்கரைப்பற்றிலோ காத்தான்குடியிலோ இருந்து இதை வாசிப்பவருக்கு, எரிக்சன் தடுத்துவிட்ட அந்தக் காரியம்தான் வாப்பாமாரின் ஆயுட்கால உழைப்பு. மகளுக்கு ஊடு குடுக்காமல் எங்கே கலியாணம் பேசுவது? எங்கட பக்கத்தில் மகள் வெளியேறுவதில்லை. மாப்பிள்ளைதான் தன் உம்மாட வீட்டை விட்டு வருகிறான். வீட்டை எழுதிக் குடுத்த பெற்றோர் அதே வளவில் பின்பக்கம் ஒதுங்குகிறார்கள். இந்த முறையை டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்ந்து எழுதியிருக்கிறார், நான் புதிதாகச் சொல்லவில்லை. ஆனால் உளவளத்துணை படிக்கும் நம் பிள்ளைகள் ஹேலியின் கட்டங்களை மனப்பாடம் செய்து, மகளோடு இருக்கும் உம்மாவையெல்லாம் ‘பிள்ளையை விடாதவர்’ என்று எழுதிவிடக்கூடாதே என்பதுதான் என் பயம். 1980இல் ஹேலி எழுதிய மற்றொரு நூலின் பெயரே ‘லீவிங் ஹோம்’. வீட்டைவிட்டுப் போவதையே அவர் அளவுகோலாக வைத்திருந்தார்.

அவர் கேள்வி நமக்கும் பொருந்தும், வரைபடம்தான் பொருந்தாது. நம் கடவை வேறு இடத்தில் இருக்கிறது: சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக மாறுவது. அந்தக் கட்டத்துக்கு ஹேலியின் பட்டியலில் பெயரில்லை. வந்த மாப்பிள்ளைக்கும் ஒரு கடவை உண்டு, அதையும் யாரும் எழுதவில்லை.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. மூத்த மகளுக்கு வீட்டைக் குடுத்துப் பின்னறைக்கு மாறியதிலிருந்து, அஸருக்குப் பிறகு மனைவிக்கு நெஞ்சு படபடக்கும். ஈசீஜீ சரி, இரத்தம் சரி. தண்ணி ஓதியும் குடித்தா. அஸருக்குப் பிறகுதான் இராச் சமையல் தொடங்கும் நேரம் என்பது ஹேலியை வாசிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. முப்பது வருஷம் அவ ஆண்ட குசினியில் இப்போது மகள் நின்றாள், அவ வாசலில் நின்று “உப்புப் போட்டியா புள்ள?” என்று கேட்டுக்கொண்டிருந்தா. எரிக்சனாக இருந்தால் ஏதாவது குறும்பான கட்டளை போட்டிருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மனைவியிடமே கேட்டேன். “எனக்கொரு அடுப்பு வேணும்” என்றா.

பின்வளவில் தகரம் இறக்கி ஓர் அடுப்படி போட்டோம். “ஏன் வாப்பா, நாங்க சோறு தரமாட்டமா?” என்று மகளுக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. படபடப்பு முற்றாகப் போகவில்லை, இடைக்கிடை வருகிறது. மகள் இப்போது கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வருகிறாள், உம்மா ஆக்கிய ஆணம் கேட்டு.